யோவான் 21-ல் ஆண்டவர் கேலி பண்ணுகிறாரா? வாலிபர் வேதபாடத்துக்கு உதவி வேண்டும்

வாலிபர்வகுப்பு:
வரும் ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் 45 நிமிஷ வேதபாடம். கர்த்தர் என்றாலே கணக்குக் கேட்கிறவர் என்றுதான் பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. அவரிடம் விளையாட்டும் சிநேகமும் உண்டு என்பதை வசனத்திலிருந்தே காட்ட வேண்டும். நானாகக் கற்பித்துச் சொன்னதாக இருக்கக் கூடாது. எந்தப் பகுதிகள் தாங்கும்? எபேசியர் 5:4-ல் "பரியாசமும் தகாதவைகள்" என்றிருக்கிறதே, மூப்பர் யாராவது அதை எடுத்தால் என்ன பதில்?

எபிரேயவாசகன்:
சகரியா 8:5-ல் தொடங்குங்கள் பிரதர். எருசலேம் வீதிகளில் "விளையாடுகிற" ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள் என்று வருகிறதல்லவா, அங்கே எபிரேய வினை சாஹக். நீதிமொழிகள் 8:30, 31-ல் "களிகூர்ந்தேன்", "சந்தோஷப்பட்டு" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இரண்டு இடங்களிலும் அதே வினைதான். உலகம் உருவாகும்போது ஞானம் தேவனுக்கு முன்பாக விளையாடிக்கொண்டிருந்தது என்றே படிக்கலாம். தமிழில் அந்த விளையாட்டு கொஞ்சம் பவ்யமாகிவிட்டது.

இரண்டு எச்சரிக்கை. அங்கே பேசுவது ஞானம். "தேவன் விளையாடினார்" என்று நேரடியாகச் சொல்லிவிடாதீர்கள். அதே வசனத்தில் "செல்லப்பிள்ளை" என்ற சொல்லுக்குக் கைவினைஞன் என்றும் பொருள் கொள்கிறார்கள், அதன்மேல் பாடத்தைக் கட்ட வேண்டாம்.

லிவியாதான் என்னும் பெரிய கடல் மிருகத்தைப் பற்றிய சங்கீதம் 104:26 இன்னும் சுவை. "அதிலே விளையாடும்படி நீர் உண்டாக்கின லிவியாதானும் உண்டு." எபிரேயத்தில் "அதிலே" என்பது கடலையும் குறிக்கலாம், லிவியாதானையும் குறிக்கலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்ட யூத ரபிமார், நாளின் கடைசி மூன்று மணி நேரம் தேவன் லிவியாதானோடு விளையாடுகிறார் என்று தங்கள் போதனைத் தொகுப்பான தல்மூதில் எழுதிவைத்திருக்கிறார்கள். யோபு 41-ல் மனுஷனை நடுங்கவைக்கிற அதே மிருகம்!

ஆனால் சங்கீதம் 2:4-ல் "நகைப்பார்" என்பதும் இதே வினை. அது ஏளனச் சிரிப்பு. பெலிஸ்தர் சிம்சோனை வேடிக்கை காட்டச் சொன்ன இடத்திலும் இதுதான். ஒத்தவாக்கிய அகராதியைப் பார்த்து வசனங்களை மொத்தமாக அள்ளினால் பாடம் அங்கேதான் சறுக்கும்.

கரிநெருப்பு:
நேரம் 45 நிமிஷம்தான் என்றால், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சீஷர்களைச் சந்திக்கிற யோவான் 21:1-14 ஒன்றே போதும். ஐந்தாம் வசனத்தில் நில்லுங்கள். "புசிக்கிறதற்கு ஏதாகிலும்" என்ற இடத்தில் கிரேக்கச் சொல் ப்ரோஸ்ஃபாகியோன். அப்பத்தோடு தொட்டுக்கொள்கிற பதார்த்தம், பெரும்பாலும் மீன். திருநெல்வேலிப் பக்கம் வெஞ்சனம் என்போமே, அதுதான். கேள்வியின் வாக்கிய அமைப்பும் "இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கிற அமைப்பு. பேச்சுத்தமிழில் சொன்னால், "என்ன பிள்ளைகளா, தொட்டுக்க ஒண்ணும் அகப்படலையோ?" ராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காதவர்களிடம், கரையில் நிற்கிற ஆள் கேட்கிறார்!

ஒன்பதாம் வசனத்தில் அவர்கள் கரையேறும்போது நெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே கிடக்கிறது, அப்பமும் இருக்கிறது. அவர் கேட்டது மீன் இல்லாமல் அல்ல. ஆனாலும் "நீங்கள் இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்" என்கிறார். பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிப்பதையும் விடாதீர்கள். குதிக்கப்போகிறவன் கழற்றுவான், இவர் உடுத்துகிறார். கரை இருநூறு முழம், ஏறக்குறைய 90 மீட்டர்.

அவர் சொன்னபடி வலை போட்டபோது அகப்பட்ட 153 மீனுக்கு மறைபொருள் தேடப் போனால் அரைமணி நேரம் போய்விடும். எண்ணிப் பார்த்தார்கள் என்பதோடு நகர்ந்துவிடுங்கள். கரிநெருப்பை மட்டும் விடக் கூடாது. கரிநெருப்பு என்பதற்கான கிரேக்கச் சொல் யோவானில் இன்னொரே இடத்தில், 18:18-ல் வருகிறது. பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்த நெருப்பு அது. சாப்பாடு முடிந்த பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்கிறார். முதலில் சாப்பாடு, பிறகு விசாரணை. இந்த வரிசையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

தியானஅறை:
நான் கத்தோலிக்கத் தரப்பு. புனித இஞ்ஞாசியார் தந்த முறை இந்தப் பகுதிக்கு நன்றாகப் பொருந்தும். ஒருவர் பகுதியை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை வாசிக்கட்டும். பிறகு பத்து நிமிடம் மௌனம்: கரை எப்படி இருக்கிறது, புகை எந்தப் பக்கம் போகிறது, மீன் வாசனை, நனைந்த துணியின் குளிர் என்று புலன் புலனாக. கடைசி மூன்று நிமிடம் அவரோடு பேச்சு. "ஒரு நண்பன் நண்பனிடம் பேசுவதுபோல" என்றுதான் இஞ்ஞாசியாரே எழுதுகிறார்.

இது கெடுவது இரண்டு விதத்தில். பின்னணி இசை போட்டால் பிள்ளைகள் காட்சியை விட்டு இசைக்குப் போய்விடுவார்கள். "இயேசு உனக்கு என்ன சொன்னார்?" என்று எல்லாரையும் சாட்சி சொல்ல வற்புறுத்தினால், அடுத்தவர் மெச்சும்படி பதில் தயாரிப்பார்கள். விரும்பினவர் சொல்லட்டும்.

எபிரேயவாசகன்:
எபேசியர் 5:4 பற்றி: அங்கே "பரியாசம்" என்பதற்குக் கிரேக்கத்தில் யூட்ரபேலியா, சாதுரியமான வேடிக்கைப் பேச்சு. வம்பு, புத்தியீனமான பேச்சு இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. முந்தின வசனம் வேசித்தனத்தைப் பற்றியது. கண்டிக்கப்படுவது ஆபாசச் சிலேடை. அதே சொல்லை அரிஸ்டாட்டில் நற்குணமாகச் சொல்கிறார், தாமஸ் அக்குவைனாஸும் அவரைப் பின்பற்றி அளவான விளையாட்டை நற்பண்பு என்றே எழுதினார். எப்போதும் நாண் ஏற்றியே வைத்த வில் முறியும் என்று யோவான் அப்போஸ்தலர் சொன்னதாக வழங்கும் கதையை எடுத்துக்காட்டுகிறார். மூப்பரிடம் வாதாடாமல், "ஆமாம் ஐயா, அந்தப் பரியாசம் தகாது" என்று ஒத்துக்கொண்டே இதை விளக்கலாம்.

வாலிபர்வகுப்பு:
ரொம்ப நன்றி. கூடவே, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னதற்கு, "ஊசியின் காது" என்று எருசலேமில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் முட்டிபோட்டு நுழையும் என்பதைச் சேர்க்கலாமா?

கரிநெருப்பு:
வேண்டாம். அப்படி வாசல் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது. அதைச் சொன்னால் நகைச்சுவையும் செத்துவிடும். முட்டிபோட்டால் நுழையலாம் என்றால் சீஷர்கள் "அப்படியானால் யார் ரட்சிக்கப்படக்கூடும்" என்று ஏன் ஆச்சரியப்பட வேண்டும்? அந்த ஊரில் பார்த்த மிருகத்திலேயே பெரியது ஒட்டகம், கையிலிருக்கிற துவாரத்திலேயே சிறியது ஊசிக் காது. ஒட்டகம் வேண்டுமென்றால் மத்தேயு 23:24-க்குப் போங்கள், கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள். அதை ஒரு பையனை எழுப்பி நடித்துக் காட்டச் சொல்லுங்கள்: துணியை விரித்து, கண்ணைச் சுருக்கி, கொசுவை எடுத்து ஓரமாய் வைத்து, பிறகு நாலு கால், திமில், வால்.

தியானஅறை:
ஒன்று மட்டும். கூட்டத்தில் சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்த பிள்ளை யாராவது இருந்தால் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, தலைப்பு இதுதான் என்று சொல்லிவிடுங்கள். மௌனத்தில் உட்கார விருப்பமில்லை என்றால், வாசிக்கிற வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம்.