சின்னப் படகில் டிங்கியை எங்கே வைப்பது?

சத்துவாச்சாரியிலிருந்து:
புதுச்சேரியில் 27 அடி பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். கரைக்குப் போய்வர வைத்திருக்கும் எட்டடி ஃபைபர் டிங்கியை, அதாவது குட்டிப் படகை, பின்னால் கட்டி இழுத்துப் போவேன். போன மாதம் பின்னாலிருந்து அலை எழும்பி டிங்கி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. டிங்கியைத் தூக்கிப் படகின் பின்னால் தொங்கவிடும் டேவிட் கம்பிகள் போடலாமா?

காட்பாடி:
வேண்டாம் அண்ணே. டிங்கியும் மோட்டாரும் பின்னால் தொங்கினால் இந்த நீளப் படகு அமுங்கும். உள்ளே 100 லிட்டர் தண்ணீர் விழுந்தாலே 100 கிலோ. முன்தளத்தில் கவிழ்த்து இறுக்கிக் கட்டுங்கள். பாய்மரத்துக்கு முன்னால் எட்டடி இடம் இருக்கா?

சத்துவாச்சாரி:
ஆறரைதான்.

ராணிப்பேட்டை:
அப்போ காற்றடைக்கும் டிங்கிதான். சுருட்டிப் படகின் சாமான் லாக்கரில் வைக்கலாம். வெயிலில் மட்டும் போடாதீங்க. மே மாதம் மொட்டைமாடியில் காயப்போட்டேன், ஓரமெல்லாம் ஒட்டு பிரிந்துவிட்டது.