நின்றால் சூடு, ஓடினால் சரி: இன்ஜின் ஹெட்டைத் திறக்க விடலாமா?

குலசேகரத்துக்காரன்:
2014 மாடல் சின்ன பெட்ரோல் கார், 92,000 கிலோமீட்டர் ஓடியது. போன வாரம் அம்மாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போனேன். தக்கலை நெரிசலில் பத்து நிமிடம் நின்றதும் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. வில்லுக்குறி தாண்டி ஓட ஓட தானே இறங்கியது. திரும்பும்போதும் இதே கதை. நின்றால் ஏசியும் குளிர்வதில்லை.

கம்பெனி சர்வீஸில் 'ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், திறந்துதான் பார்க்கணும்' என்று 34,000 ரூபாய் சொல்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. மழையால் ரப்பர் பால்வெட்டு பாதி நாள்தான் நடக்கிறது, ஒட்டுப்பால் விற்ற காசெல்லாம் மளிகைக் கடைக்கே போகிறது. வெளி ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கலாமா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
தம்பி, கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, நின்றால் ஏசி குளிர்வதில்லை என்று, விஷயமே அதுதான். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். நிற்கும்போது ஃபேன்தான் கதி, ஏசிக்கும் அதே காற்றுதான். ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள், ஃபேன் சுற்றுகிறதா? கையை மட்டும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், திடீரென்று சுற்றும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் தொடக் கூடாது.

குலசேகரத்துக்காரன்:
சுற்றவில்லை அண்ணாச்சி. ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது. அதே மாதிரி ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டும் பார்த்தேன், அசையவில்லை.

ஸ்பேனர் அண்ணாச்சி:
அப்படியென்றால் மோட்டார், இல்லை வயர் கனெக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டார் கூட்டை லேசாகத் தட்டச் சொல்லுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டாரை மாற்றணும். சுற்றாவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

குளச்சல் டிரைவர்:
எங்கள் பக்கம் உப்புக்காற்றில் கனெக்டர் முதலில் பச்சை பிடிக்கும். ரேடியேட்டர் தகடும் தொட்டாலே பொடியாக உதிரும். கடலை விட்டு உள்ளே இருக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் டீசல்:
ஃபேன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முள் சிவப்பைத் தொட்ட வண்டி, அலுமினிய ஹெட் வளைந்திருக்கலாம். கேஸ்கெட் போனால் தெரியும் அறிகுறிகளைப் பாருங்கள்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) குறைகிறதா, வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா, ஆயில் மூடிக்கடியில் பால் டீ நிறத்தில் இருக்கிறதா?

ஸ்பேனர் அண்ணாச்சி:
நல்ல கேள்வி. ஆனால் மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியில், மூடியில் கொஞ்சம் வெள்ளை சாதாரணமாகவே படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். சந்தேகம் போகாவிட்டால் நீலத் திரவம் வைத்துச் சோதிக்கலாம். கேஸ்கெட் போய் ரேடியேட்டர் வாயில் இன்ஜின் புகைக்காற்று வந்தால் அது மஞ்சளாக மாறும். அதற்கு ஹெட்டைத் திறக்கவே வேண்டாம்.

பில் பார்க்கும் அக்கா:
எங்கே கொடுத்தாலும் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பழைய 28 கணக்கில் போட்டால் விடாதீர்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் கட்டிய தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது.

குலசேகரத்துக்காரன்:
பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் தட்டினார்கள், சுற்றியது! கூலன்ட் அளவு குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். மோட்டார் 2,650, கூலி 400, பில்லோடு. பழைய மோட்டார் டிக்கியில் கிடக்கிறது. நேற்று தக்கலையில் கால் மணி நேரம் நின்றேன், முள் பாதியைத் தாண்டவில்லை. அம்மாதான் ஏசி குளிருகிறது, குறைத்து வை என்றாள்.

மார்த்தாண்டம் டீசல்:
சரி, ஒரு மாதம் கூலன்ட் அளவில் மட்டும் கண் வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.