கிளைச் செயலாளர் பதவிக்கு நிற்கலாமா, மகளிர் பிரிவோடு நின்றுவிடவா?

சிப்புட்_தேவி:
வணக்கம். நான் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர், தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது தாமானுக்கு (வீடமைப்புக் குடியிருப்புக்கு) வந்தோம். ஒரு கட்சியில் கிளை உறுப்பினராக இருக்கிறேன், எந்தக் கட்சி என்பது வேண்டாமே. கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவது நான், உறுப்பினர் பாரம் நிரப்புவது நான், தீபாவளி உபசரிப்புக்குச் சோற்றுப் பொட்டலம் எண்ணுவதும் நான்தான். ஆனால் கட்சியின் மேல்மட்டக் கூட்டத்துக்குப் பேராளராக யாரை அனுப்புவது என்பது மட்டும் கூட்டம் முடிந்து ஆண்கள் எதிர்க்கடையில் தே தாரேக் குடிக்கும்போது முடிவாகிவிடும். அந்த நேரத்தில் நான் வீட்டில் பிள்ளையின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பேன். கிளைத் தேர்தல் வருகிறது, செயலாளருக்கு நிற்கலாம் என்று எண்ணம். தலைவரோ "மகளிர் பிரிவுக்குப் போம்மா, அங்கே உன்னை எதிர்க்க ஆளே இல்லை" என்கிறார். நம்ம இந்தியப் பெண்கள் யாராவது கிளையில் தொடங்கி நாடாளுமன்றம் வரை போயிருக்கிறார்களா? எந்த வழியாகப் போனார்கள்? ஊக்கப் பேச்சு வேண்டாம், வழியைச் சொல்லுங்கள்.

ஈப்போ_வாத்தியார்:
தங்கச்சி, முதலில் ஒரு பழைய கதை. 1952-ல் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் பங்சாரில் நின்று ஜெயித்தவர் தேவகி கிருஷ்ணன். மலாயாவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். நாடு சுதந்திரம் அடைவதற்கு ஐந்து வருஷம் முந்தி! கமலா ஹாரிஸ் துணையதிபர் ஆனபோது அவர் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துக் கோலத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாத ஆள் இல்லை, பங்சார் தேவகியைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் ஜெயித்தது ஊராட்சித் தேர்தலில். சின்ன வட்டாரம், வீடு வீடாக நடந்தே ஓட்டுக் கேட்டுவிடலாம். 1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி அந்தத் தேர்தலை நிறுத்தினார்கள். அதை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் ஆணையம் சொன்னது, அரசாங்கம் கேட்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தோடு கதை முடிந்தது. இப்போது கவுன்சிலர்கள் எல்லாம் நியமனம். நியமனம் என்றால் யார் கையில்? நீ சொன்ன அந்த எதிர்க்கடை மேசையில்தான். தோட்டத்துப் பெண் ஏற வேண்டிய முதல் படியையே எடுத்துவிட்டு, ஏன் மேலே யாரும் வரவில்லை என்று மேடையில் கேட்கிறார்கள்.

பட்டர்வொர்த்_ராணி:
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் யாருமே போகவில்லை என்று ஆகிவிடக் கூடாது. கஸ்தூரி பட்டு 2013-ல் பினாங்கின் பத்து கவான் நாடாளுமன்றத் தொகுதியில் ஜெயித்தார், 2018-லும் ஜெயித்தார். அதுவும் சீன வாக்காளர்கள் அதிகம் உள்ள தொகுதி. சட்டமன்றத்துக்கு ஜெயித்தவர்களைப் பார்த்தால் பகாங் மாநிலத்தின் சபாய் தொகுதியில் காமாட்சி, நம்ம பேராக் புந்தோங்கில் துளசி.

எஸ்டேட்_காளை:
கஸ்தூரியின் அப்பா பி. பட்டு ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சியின்) பெரிய தலை, எம்.பி.யாக இருந்தவர். தேவிக்கு அப்படி யார் இருக்கிறார்? நான் பெண்களுக்கு எதிரி இல்லை, கணக்கைப் பேசுகிறேன். 222 தொகுதியில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. தோட்டத்தில் இருந்தவரை ஒரே இடத்தில் இருந்தோம், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதும் தாமான் தாமானாகச் சிதறிவிட்டோம். ஆக நமக்குக் கிடைக்கும் சீட்டே விரல் விட்டு எண்ணும் அளவு, அதற்கு ஆண்களே அடித்துக்கொள்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு டெபாசிட் மட்டும் 10,000 வெள்ளி (ரிங்கிட்), எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதுவும் போச்சு. பெண்ணை நிறுத்தி ரிஸ்க் எடுக்க எந்தக் கட்சி வரும்?

பட்டர்வொர்த்_ராணி:
அண்ணே, டெபாசிட் ஆம்பளைக்கும் அதே 10,000தானே? 2008-ல் தேவியின் சுங்கை சிப்புட்டிலேயே ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு தோற்றார், அவர் ஆண்தான். நீங்கள் ஆணை நிறுத்தினால் அது வேட்பாளர், பெண்ணை நிறுத்தினால் அது ரிஸ்க். 2022 தேர்தலில் 222 பேரில் 30 பெண்கள். பெண்களுக்கு 30 விழுக்காடு என்று மேடைக்கு மேடை பேசியவர்கள், அந்த 30 தலையைத்தான் சொன்னார்களோ என்னவோ.

காராக்_மலர்:
செனட்டர் வழி ஒன்று இருக்கிறது அக்கா. நாடாளுமன்ற மேலவையில் 70 பேர், 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பும், மீதி 44 நியமனம். சரஸ்வதி கந்தசாமி அந்த வழியாக வந்துதான் 2022-ல் துணையமைச்சர் ஆனார். அந்தக் காலத்தில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனும் செனட்டர்தான், வாத்தியார் சொன்ன ஆதி நாகப்பனின் மனைவி. குறையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு தவணை மூன்று வருஷம், இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. பெயர் தெரிய வரும்போது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் தொகுதி இல்லை என்றால் கட்சியில் யாரும் பயப்பட மாட்டார்கள்.

சிப்புட்_தேவி:
எல்லாருக்கும் நன்றி. காளை அண்ணே சொன்ன கணக்கு எனக்கும் தெரியும், அதனால்தான் எம்.பி. சீட்டைக் கேட்கவில்லை, செயலாளர் நாற்காலியைக் கேட்கிறேன். அதற்கு டெபாசிட் இல்லை :) மகளிர் பிரிவை நான் கேவலமாகச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் கிளையில் அது பொட்டலம் கட்டும் பிரிவாகத்தான் இருக்கிறது.

ஈப்போ_வாத்தியார்:
அப்ப நில். தோற்றாலும் மகளிர் பிரிவு எங்கேயும் ஓடிவிடாது. அதற்கு முன்னால் கட்சி அமைப்பு விதியை வாங்கிப் படி, பேராளரை யார் தேர்ந்தெடுக்க வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று அதில் இருக்கும். பல கிளைகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மினிட்ஸ் உன் கையில்தானே இருக்கிறது? பேராளர் தேர்வை நிகழ்ச்சி நிரலிலேயே போடு, கூட்டத்தில் கை தூக்க வை, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று பெயரோடு எழுது. எழுதிவிட்டால் எதிர்க்கடையில் மாற்ற முடியாது.

காராக்_மலர்:
அதோடு கூட்ட நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள் அக்கா. ராத்திரி எட்டரைக்கு வைத்தால் உங்களுக்கு ஓட்டுப் போடக்கூடிய பெண்கள் எப்படி வருவார்கள்? எங்கள் பக்கம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வைக்க ஆரம்பித்த பிறகுதான் பாதி நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். முன்மொழிய, வழிமொழிய ஆளை இப்போதே பேசி வையுங்கள், ஒருவராவது ஆணாக இருக்கட்டும்.