மெட்டமைப்பதற்கு அரேஞ்சர் கீபோர்டா, ஒர்க்ஸ்டேஷனா?

கேள்வி (நெல்லைக் கீபோர்டு):

அனைவருக்கும் வணக்கம். தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பதினைந்து ஆண்டுகளாகக் கீபோர்டு வாசித்து வரும் நான், இப்போது சொந்தமாகப் பாடல்கள் எழுதி மெட்டமைத்து வருகிறேன். நல்ல நிலையில் உள்ள, ஒருவர் பயன்படுத்திய யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 என்ற அரேஞ்சர் (கார்டு பிடித்தால் பின்னணி இசையைத் தானே வாசிக்கும் கீபோர்டு) என் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரியும் நண்பர், அரேஞ்சர் என்பது மேடையில் வாசிப்பவர்களுக்கானது என்றும், இசையமைக்க வேண்டுமானால் ரோலண்ட் ஃபேன்டம் அல்லது கோர்க் நாட்டிலஸ் போன்ற ஒர்க்ஸ்டேஷன் வாங்கும் வரை பணம் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறார். நான் பாடல் வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு, கார்டு பிடித்துப் பாடிப் பாடியே மெட்டைக் கண்டுபிடிப்பவன். என் மெட்டுகளில் பெரும்பாலானவை 6/8 நடையில் அமைந்தவை; மூன்று மட்டும் மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்). எதை வாங்குவது நல்லது?

பதில் (மெல்லிசை மேடை):

அன்புள்ள நண்பருக்கு, உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய கடைசி வரிகளிலேயே இருக்கிறது. வரியிலிருந்தும் கார்டிலிருந்தும் மெட்டுக்குப் போகிறவருக்கு அரேஞ்சரே பொருத்தமானது.

1988-இல் வந்த கோர்க் எம்1 முதலாக, ஒர்க்ஸ்டேஷன் என்பது ஒலிகள், எஃபெக்ட்கள், சீக்வென்சர் (வாசிப்பதைத் தடம் தடமாகப் பதியும் வசதி) ஆகியவற்றை ஒரே பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு தடமாகப் பாடலைக் கட்டுவதற்கான கருவியாகவே வளர்ந்திருக்கிறது. பின்னாளில் வந்த கோர்க் குரோனோஸில் 16 மிடி தடங்களும் (ஒலியாக இல்லாமல், எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பாகப் பதிபவை) 16 ஆடியோ தடங்களும் இருந்தன. பாடல் முடிவாகிவிட்ட பிறகு அதை விரிவாக்க இது மிகச் சிறந்த வசதி. மெட்டே இன்னும் பிடிபடாத நிலையில், டிரம்ஸை ஒரு தடத்திலும் பேஸை இன்னொரு தடத்திலும் பதித்து முடிப்பதற்குள், மனத்தில் ஓடிக்கொண்டிருந்த சரணம் கலைந்து போவதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன்.

அரேஞ்சரில் நிலைமை வேறு. யமஹாவின் ஒரு ஸ்டைலில் (ஆயத்தப் பின்னணி இசையில்) இரண்டு ரிதம், ஒரு பேஸ், இரண்டு கார்டு, ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), இரண்டு ஃபிரேஸ் என்று எட்டுப் பகுதிகள் உள்ளன. இடது கையில் கார்டை மாற்றிய கணமே இவை உங்களைப் பின்தொடர்வதால், ஸ்டைலின் மாற்று வடிவங்களில் பல்லவியை மெயின் ஏ-யிலும் சரணத்தை மெயின் சி-யிலும் வைத்துப் பாடிப் பார்த்து, பாடலின் ஏற்ற இறக்கத்தை ஒரே அமர்வில் காது கொடுத்துக் கேட்டுவிடலாம். இதில் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்: மெட்டுத் தேடும்போது ஃபிரேஸ் பகுதிகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவற்றில் ஏற்கெனவே ஒரு மெட்டுத் துணுக்கு இருக்கும். அது நம்மை அறியாமலே நம் மெட்டைத் தன் பக்கம் இழுத்துவிடும். கார்டு பிடிக்கும் முறையை ஃபிங்கர்டு ஆன் பேஸ் என்று மாற்றிக்கொண்டால், சி மேஜரை ஈ-யில் தொடங்கிப் பிடிக்கும்போது பேஸும் ஈ-யிலேயே ஒலிக்கும். தேவாலயப் பாடல்களில் பேஸ் படிப்படியாக இறங்கும் அழகு இதனால் காப்பாற்றப்படும்.

பதில் (ராகமாலிகை):

மேற்கண்ட பதிலோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் உங்கள் மெட்டுகள் ராகத்தை ஒட்டியவையாக இருந்தால், ஒரு சிக்கலை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சி-யை ஸட்ஜமாக வைத்து மாயாமாளவகௌளையில் ஒரு மெட்டு அமைக்கிறீர்கள் என்று கொள்வோம். சுத்த ரிஷபத்தின் (டி-ஃபிளாட்) மேல் மேஜர் கார்டு பிடித்தால், அந்தக் கார்டின் மூன்று ஸ்வரங்களும் ராகத்துக்குள்ளேயே இருக்கும். ஸ்டைலோ, தன் துணுக்குகளை அந்த ரிஷபத்தில் தொடங்கும் மேஜர் ஸ்கேலுக்கு மாற்றிக்கொண்டு வாசிக்கக்கூடும். அப்போது சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், கைசிகி நிஷாதம் ஆகிய மூன்று அந்நிய ஸ்வரங்கள் உள்ளே நுழையும். நான் ராகப் பாடல்களுக்கு ஒர்க்ஸ்டேஷனில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நானே எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

மிஸ்ர சாபுக்கும் ஆயத்த ஸ்டைல்களை நம்ப முடியாது. அவை பெரும்பாலும் 4/4, 3/4, 6/8 ஆகிய அளவுகளில்தான் இருக்கும். மூன்று பாடல்களுக்கு நீங்களே ரிதத்தை உருவாக்க வேண்டியிருக்கும். அது பொறுமை வேண்டும் வேலை.

பதில் (ஒலிப்பதிவு அறை):

உங்கள் நண்பர் கவலைப்படுவது ஒலிப்பதிவைப் பற்றி என்று நினைக்கிறேன். எஸ்எக்ஸ்900-இல் மிடியாகப் பதிவு செய்யும்போது ஸ்டைலின் எட்டுப் பகுதிகளும் 9 முதல் 16 வரையிலான சேனல்களில் தனித்தனியாகப் பதியும். பின்னர் கணினியில் திறந்து வேண்டாதவற்றை நீக்கலாம், திருத்தலாம். கித்தார் தடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல மெகா வாய்ஸ் வகையைச் சேர்ந்தவை. வாசிக்கும் அழுத்தத்துக்கேற்பத் தந்தியின் உரசலும் வழுக்கலும் ஒலிக்கும்படி அமைந்தவை என்பதால், வேறு கித்தார் ஒலியை அங்கே வைத்தால் பொருந்தாத ஸ்வரங்கள் கேட்கும். அந்தத் தடங்களைக் கீபோர்டிலிருந்தே வாசிக்கவிட்டு ஆடியோவாகப் பதிந்துகொள்ளுங்கள்.

நெல்லைக் கீபோர்டு:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எஸ்எக்ஸ்900-ஐயே வாங்க முடிவு செய்துவிட்டேன். மிஸ்ர சாபுப் பாடல்கள் மூன்றையும் ஸ்டைல் இல்லாமல், ரிதத்தை நானே பதிந்து முயல்கிறேன். மாயாமாளவகௌளை பற்றிய விளக்கம், என் பழைய கீபோர்டில் ஒரு பாடலின் சரணம் மட்டும் ஏன் இரண்டு ஆண்டுகளாக உறுத்திக்கொண்டே இருந்தது என்பதையும் காட்டிவிட்டது. இன்றிரவு அதில் பேஸையும் ரிதத்தையும் மட்டும் வைத்துப் பாடிப் பார்க்கப் போகிறேன்.