புளிய மரத்து வைரமும் 22 அங்குல பாரும்: கடின மரம் அறுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆலங்குடி (தொடங்கியவர்)

எங்கள் கொல்லைப் புளிய மரம் தாத்தா காலத்தது. கஜா புயலில் பாதி சாய்ந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் நின்றபடியே காய்ந்துவிட்டது. அடிமரத்தைத் துண்டு போட்டுக் கொடுத்தால் வெட்டுக்கட்டைக்கு எடுத்துக்கொள்வதாகக் கறிக்கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். கூலிக்கு ஆள் வைப்பதைவிட சொந்த மெஷின் இருந்தால் தோப்புக்கும் ஆகும் என்று 58 சிசி செயின் சா ஒன்று வாங்கினேன். செயின் சுற்றி ஓடும் தகடுதான் பார். கடையில் 18 அங்குல பார், 22 அங்குல பார் இரண்டும் இருந்தன. மரத்தின் குறுக்களவு இரண்டடி. ஆகவே பெரியதுதான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கி வந்தேன்.

வெளிமரத்தில் நன்றாகவே இறங்கியது. கறுஞ்சிவப்பு வைரத்தைத் தொட்டதும் சத்தமே மாறிவிட்டது. அதுவரை செதில் செதிலாக விழுந்துகொண்டிருந்தது, மாவாகக் கொட்டத் தொடங்கியது. நான் இன்னும் அழுத்தினேன். கருகல் வாடை வந்தது, பாரின் ஓரம் நீலம் பாரித்தது. வெட்டு நேராக இறங்காமல் வாழைப்பழம் போல வளைந்தது. ஒருமுறை பாரின் மூக்கு எதிர்ப்பக்கத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு கிளையில் பட்டு, மெஷின் முகத்தை நோக்கித் துள்ளியது. முன்கை பிரேக்கில் பட்டுச் செயின் நின்றதால் இன்று இதை எழுதுகிறேன். அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாக மரம் அறுக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் மெஷினைத் தொடுவதற்கு முன் தரையில் கிடந்த தூளை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினார். முழுவதும் பறந்துவிட்டது. "பறந்தால் பல் செத்துவிட்டது தம்பி. செதிலாக இருந்தால் கையிலேயே நிற்கும்" என்றார். பிறகு செயினை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தார். ஒவ்வொரு பல்லின் முனையிலும் வெள்ளிக் கோடு போல ஓர் ஒளி. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பித் தராது, மழுங்கியதுதான் மினுங்கும். அதை அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பல் ஏன் அரை மணி நேரத்தில் செத்தது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். மரத்தின் பொந்து முழுவதும் கரையான் ஏற்றிய மண். அதற்கு மேல் இடுப்பு உயரத்தில் இரண்டு ஆணிகள். ஒன்றில் சுற்றியிருந்த முடி இன்னும் மக்காமல் இருந்தது. பேய் ஓட்டிய காலத்தில் யாரோ அறைந்தது. மரம் அதை விழுங்கி மேலே பட்டை மூடிவிட்டது.

நீளத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டடி மரத்துக்கு இரண்டடி பார் வேண்டியதில்லை. 16 அங்குல பாரிலேயே ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் வந்து சேர்த்துவிடலாம். பார் நீளமாக நீளமாக இழுக்க வேண்டிய கண்ணிகள் கூடும், ஒரே நேரத்தில் மரத்துக்குள் கடிக்கும் பற்களும் கூடும். மெஷினின் பலம் அதே பலம்தான். மெல்லிய மரத்தில் அது தெரியாது, புளியில் உடனே தெரிந்துவிடும்.

தன்னிடம் இருந்த பழைய 18 அங்குல பார் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் புதுச் செயின் வாங்க வேண்டும். எந்தப் பல், எந்த அளவு, எத்தனை கண்ணி என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு பதில். வேம்பு, வாகை, கருவேலம், புளி அறுத்தவர்கள் உங்கள் கையில் பட்டதைச் சொல்லுங்கள்.

முதுகுளத்தூர்

நான் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டிக் கொடுக்கிறேன். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வேலை குவிந்தது. அப்போதுதான் மெஷின் பிடித்தேன். தண்டு பெருத்தால் ஒரு சாண் இருக்கும், ஆனால் இரும்பு. 14 அங்குல பார், 3/8 பிட்ச் (கண்ணிகளுக்கு இடையே உள்ள தூரம், அங்குலத்தில்) சிறிய வகைச் செயின். அதற்கு மேல் நான் போனதே இல்லை. முள்ளுக்குள் கையை விட்டு வெட்டும் வேலைக்கு நீள பார் ஆபத்து.

பல்லைப் பற்றிக் கேட்டீர்கள். கடையில் முதலில் சதுர மூலைப் பல் கொடுத்தார்கள். வேகமாக வெட்டும் என்றார்கள், வெட்டவும் செய்தது, பத்து நிமிடம். நாங்கள் தரையை ஒட்டி வெட்டுகிறவர்கள். தூரில் மண் இல்லாத மரம் எங்கள் ஊரில் கிடையாது. அந்தக் கூர்மூலையில் ஒரு மணல் பட்டால் போதும், மூலை போய்விடும். மூலை போனால் பல் போனது மாதிரிதான். இப்போது மூலை உருண்ட பல், கடையில் செமி சிசல் என்று கேட்க வேண்டும். வேகம் சற்றுக் குறைவு. ஆனால் காய்ந்த மரத்திலும் மண் பட்ட மரத்திலும் கூர் நீடிக்கிறது. உங்கள் புளிக்கும் அதைத்தான் சொல்வேன், ஐயா. சுத்தமான பச்சை மரமாக இருந்தால் மட்டும் சதுர மூலையை எடுங்கள்.

அரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு. அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. என் செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். உங்கள் 18 அங்குல பார் பெரும்பாலும் 0.325 பிட்ச்சாக இருக்கும், அதற்கு 4.8. கையில் இருப்பதைப் போட்டுத் தேய்த்தால் பல்லின் வயிறு கெட்டுவிடும். இழுப்பு எப்போதும் உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், 30 பாகை சாய்வில். பலகையாக நீளவாக்கில் அறுப்பவர்கள் 10 பாகை வைக்கிறார்கள், அது வேறு வேலை.

பட்டுக்கோட்டை

கஜா அடித்த 2018 நவம்பர் 16 விடியும்போது எங்கள் தோப்பில் நின்ற தென்னையை விரல் விட்டு எண்ணலாம். அடுத்த நான்கு மாதம் விழுந்ததை அறுத்ததுதான் வேலை. தென்னை கடின மரமா என்று கேட்பீர்கள். உள்ளே பஞ்சு, வெளிச்சுற்று நான்கு விரல் கனத்துக்கு எவ்வளவு கடினம் என்று அறுத்தவனுக்குத்தான் தெரியும். அதன் நார் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) மூடிக்குள் போய்த் திணிந்துகொள்ளும், எண்ணெய்த் துளை அடைபடும், செயின் வறண்டு ஓடும்.

எல்லோரும் செயினைப் பேசுகிறீர்கள், நான் பாரைப் பேசுகிறேன். அந்த நான்கு மாதத்தில் என் கூட வேலை செய்த பலர் வண்டியில் வடித்த கழிவு எண்ணெயைத்தான் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். அது செயினில் ஒட்டாது, மூக்கில் திரும்பும்போதே தெறித்துவிடும். அதில் இரும்புத் துகளும் இருக்கும். இரண்டு மாதத்தில் என் பாரின் காடி, அதாவது செயின் ஓடும் பள்ளம், அகன்றுவிட்டது. செயினை விரலால் பக்கவாட்டில் சாய்த்தால் படுத்துக்கொண்டது. ஆலங்குடி அண்ணா, உங்கள் வெட்டு வளைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புது பாரிலேயே வளைந்தது என்றால் கேஜ் தவறு, அல்லது ஒரு பக்கப் பற்கள் மட்டும் ஆணியில் அடிபட்டிருக்க வேண்டும்.

கேஜ் என்பது காடிக்குள் ஓடும் அடிப்பல்லின் கனம். 0.050 அங்குலம் என்றால் 1.3 மில்லிமீட்டர், 0.058 என்றால் 1.5. வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான். எனக்கு ஒரு கடையில் 0.058 பாருக்கு 0.050 செயினைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான், ஓடும்" என்றார்கள். ஓடியது. குடிகாரன் நடப்பது போல ஓடியது. கனமான செயினை மெல்லிய காடியில் போட்டால் உள்ளேயே இறங்காது, அதனால் ஆபத்தில்லை. மெல்லியதை அகன்ற காடியில் போட்டால் இறங்கிவிடும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

கண்ணியையும், அதாவது அந்த அடிப்பற்களையும், எண்ணாமல் வாங்காதீர்கள். 18 அங்குலம் என்று விற்கும் பார்களில் 68 கண்ணி கேட்பதும் உண்டு, 72 கேட்பதும் உண்டு. அங்குலத்தை மட்டும் சொல்லி வாங்கிய செயினை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

பாரை வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். ஓரத்தில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிட்டுத்தான் புதுச் செயின் போட வேண்டும்.

வவுனியா

ஆணி என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் வன்னியில் பாலை, முதிரை மரங்கள் இரண்டும் சங்கிலி வாளுக்குச் சோதனை. ஆனால் எங்களுக்கு மரத்தைவிட அதற்குள் இருப்பதுதான் பயம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் மரத்துக்குள் செல் துண்டும் சன்னமும் (துப்பாக்கிக் குண்டு) கிடக்கின்றன. பட்டை மூடி, வளையங்கள் மூடி, வெளியே ஒரு தழும்புகூட இல்லாமல் இருக்கும். மரக்காலைக்காரர்கள் (மர வியாபாரிகள்) சில இடத்து மரம் என்றால் வாங்கவே தயங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலை அடிமரத்தை அறுத்தேன். முதல் வெட்டின் முகத்தில் கைவிரல் அகலத்துக்கு நீலக் கறுப்பாக ஒரு கறை, மை ஊறியது போல, மேல்நோக்கிக் கூம்பிப் போனது. அப்போது எனக்கு அதன் பொருள் தெரியாது. அடுத்த வெட்டை ஒரு முழம் தள்ளி வைத்தேன். பொறி பறந்தது. எட்டுப் பற்கள் ஒரே நொடியில் போயின. பிளந்து பார்த்தால் பெருவிரல் அளவு இரும்பு, ஒரு பக்கம் கத்தி போல. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அந்த மரம் யாருடைய வளவு எல்லையில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

இரும்பு பட்ட இடத்தில் மரத்தின் துவர்ப்பு சேர்ந்து அந்தக் கறையை உண்டாக்குகிறது. உங்கள் புளியிலும் அதைத் தேடுங்கள். வெட்டு முகத்தில் கறை கண்டால் அந்தப் பக்கம் நல்ல செயினைக் கொண்டு போகாதீர்கள். நான் தேய்ந்து முடியப்போகும் செயின் ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். கார்பைடு பல் போட்டால் எதையும் அறுக்கும் என்று சிலர் சொல்வார்கள். மண்ணைத் தாங்கும், உண்மை. இரும்பில் மோதினால் அந்தப் பல் சிதறும், விலையோ பல மடங்கு.

முதுகுளத்தூர் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். பல்லுக்கு முன்னால் நிற்கும் சிறு மேடு எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் பல் கடிக்கும். 0.65 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. வேகம் வேண்டும் என்று அதை அதிகம் தேய்த்தால் வைர மரத்தில் வாள் கொத்திக் கொத்தித் துள்ளும். பல்லை ஏழெட்டு முறை தீட்டிய பிறகு ஒருமுறை, அளவுத் தகடு வைத்துத் தேயுங்கள். கண் அளவில் செய்ய வேண்டாம்.

ஆலங்குடி (தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. வவுனியா அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வெட்டு முகத்தில், ஆணி இருந்த பக்கம், அதே நீலக் கறுப்பு இருக்கிறது. இரண்டு இடத்தில் அல்ல, நான்கு இடத்தில். சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரியவர் கொடுத்த பாரின் வாலில் எண்கள் தேய்ந்திருந்தன. மகளின் நோட்டுக் காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். 0.325, 0.058, 72 என்று தெளிவாக விழுந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், நாளை காலை கடைக்குப் போகிறேன். செமி சிசல் இரண்டு, 4.8 அரம் இரண்டு.