நாலு சென்சார் கேமரா: இடைவெளியும் ஈரமும்

கடலோரவான்:
வணக்கம். எஃப்/4 (குவியத் தொலைவு வாய் விட்டத்தைப்போல் நாலு மடங்கு), 400 மி.மீ. குவியத் தொலைவுள்ள தொலைநோக்கிக்கு, ஒளியைப் படமாக்கும் சில்லான ஐஎம்எக்ஸ்533 சென்சார் நாலை 2×2 ஆகப் பதித்து ஒரே கேமராவாகச் செய்கிறேன். ஒவ்வொன்றும் 11.3 மி.மீ. சதுரம். சென்சாரின் உறை விளிம்பு தடுப்பதால் நடுவில் 8 மி.மீ. காலி விழுகிறது. படமெடுக்கும் இடம் வாலிநோக்கம் கடற்கரை. தெற்கே முழுக்கக் கடல். காலியை எப்படி நிரப்புவது? இரைச்சல் குறைய சென்சாரை எத்தனை டிகிரிக்குக் குளிர்விக்கலாம்?

தாமிரத்தகடு:
நாலும் சேர்ந்து ஒரு பக்கம் 30.6 மி.மீ., மூலைவிட்டம் 43.3. முழுச்சட்டக (36×24 மி.மீ.) லென்ஸ் விழவைக்கும் பட வட்டத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும். தொலைநோக்கியை 9.5 மி.மீ., அதாவது வானில் 1.36 பாகை நகர்த்தி நாலு நிலைகளில் எடுங்கள். காலி நிரம்பி, தைக்க ஒன்றரை மி.மீ.க்குக் குறையாத மேற்பொருத்தம் கிடைக்கும்.

உண்மையான சிக்கல் நாலு சென்சாரும் ஒரே மட்டத்தில் இருப்பதுதான். எஃப்/4-இல் 20 மைக்ரான் உயரம் பிசகினால் நட்சத்திரம் 5 மைக்ரான் பரவும். உங்கள் பிக்சலே 3.76தான். எம்3 திருகின் புரி 0.5 மி.மீ., அதை வைத்து 10 மைக்ரான் சரிசெய்ய முடியாது. ஒரே தாமிரத் தகட்டில் நாலையும் ஏற்றி, அடியில் மெல்லிய பித்தளைத் தகடு செருகுங்கள். ஃபோகஸரை (குவியத்தைச் சரிசெய்யும் குழாயை) சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு சென்சாரின் நாலு மூலையிலும் நட்சத்திரம் கூர்மையாகும் இடத்தைக் குறியுங்கள். அந்த வித்தியாசமே உயர வித்தியாசம். குளிர்ந்த பிறகே அளக்கணும்.

பரப்பு மட்டும் வேண்டுமென்றால் 36×24 மி.மீ. சென்சார் ஒன்றே நாலையும்விடப் பெரிது. சென்சாருக்கொரு ஒளி வடிகட்டி வைப்பதானால் இந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு.

உப்புக்காற்று:
அண்ணே, 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 24 டிகிரியிலேயே கண்ணாடியில் ஈரம் பூக்கும். சென்சார் இருக்கும் அரை லிட்டர் மூடிய அறைக் காற்றில் உள்ள நீர் 11 மில்லிகிராம்தான். 10 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். கெடுப்பது கசிவு. பல இழை வயரின் உறைக்குள்ளேயே ஈரம் ஊர்ந்து வரும், எனவே வயரை நேராக உள்ளே விடாமல் சர்க்யூட் போர்டு வழியாக எடுத்து எபாக்சி பசை ஊற்றுங்கள். மூடும் முன் வெல்டிங் கடை ஆர்கானை மெதுவாக ஓடவிடுங்கள். கேமராவின் முன் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி 2 வாட் சூடேற்றி போதும்.

அலுமினியப் பெட்டியில் எஃகுத் திருகு போட்டால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிபடும், கிரீஸ் தடவுங்கள். விசிறிக் காற்று போர்டைத் தொடவே கூடாது.

கடலோரவான்:
நன்றி. 0 டிகிரி போதுமா? சோதனையில் பட்டை பட்டையாக இரைச்சலும் வருகிறது.

தாமிரத்தகடு:
போதும். ஒற்றை அடுக்கு பெல்டியரில் (மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் தகட்டில்) 30 டிகிரி இறக்கமே நம்பகமானது. நாலும் ஒரே வெப்பநிலையில் நிற்பதுதான் முக்கியம், அப்போதுதான் டார்க் படங்கள் (இரைச்சலைக் கழிக்க மூடி போட்டு எடுப்பவை) பொருந்தும். பட்டைக்குக் காரணம் பெல்டியரைத் துடிப்பு மின்சாரத்தில் ஓட்டுவதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சீரான நேர்மின்னோட்டம் கொடுங்கள். நாலு சென்சாரின் படப்பிடிப்பையும் ஒரே டிரிகர் சைகையில் தொடங்கி முடியுங்கள். ஒன்று தரவை வெளியேற்றும்போது மற்றொன்று ஒளி சேர்த்துக்கொண்டிருக்கக் கூடாது.