பழைய ஸ்டாஃப் பஸ்ஸை நடமாடும் வீடாக்கலாமா? உப்புக்காற்றில் தாங்குமா?

உச்சிப்புளி வாத்தியார்:
ஒரு ஆலையில் பணியாளர்களை ஏற்றி இறக்கிய 26 இருக்கை மினி பஸ் விலைக்கு வந்திருக்கிறது. 2013 மாடல், டீசல், மூன்றரை லட்சம் சொல்கிறார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை வைக்க நினைக்கிறேன்.

காரணம் என் அம்மா. வயது 71. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. குந்தி உட்கார முடியாது. முக்கால் மணிக்கு ஒரு முறை போயாக வேண்டும். சென்ற ஆண்டு திருச்செந்தூர் கிளம்பினோம். வழியில் தொந்தரவாகிவிடும் என்று முந்தின இரவிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு அது தெரியாது. சாயல்குடி தாண்டியதும் மயங்கிச் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியூர் என்ற பேச்சையே எடுப்பதில்லை. வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். கடல் கூப்பிடு தூரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் பட்டறை:
வேண்டாம் ஐயா. 22 ஆண்டுகளாகப் பாம்பனில் வெல்டிங், டிங்கரிங் செய்கிறேன். 1914-இல் திறந்த ரயில் பாலத்தை இத்தனை காலம் பெயின்ட் அடித்து அடித்துத்தான் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலோக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சு, முழுக்க வெல்டிங் இணைப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால் ஒரு பழைய பஸ்ஸின் தகரம் எம்மாத்திரம்?

போன மாதம் இதேபோல ஒரு பஸ் என்னிடம் வந்தது. வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தது. தரை ரெக்சினை ஓரத்தில் கிழித்தேன். கீழே பிளைவுட் ஊறிப்போய்ப் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்கும் கீழே குறுக்குச் சட்டம். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினேன், கைப்பிடி வரை இறங்கியது. வெளியே இழுத்தபோது துரு ஏடு ஏடாகக் கூடவே வந்தது. இருக்கை போல்ட் துளைகள்தான் காரணம். பஸ்ஸை உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அது பத்து ஆண்டுகளாக அந்தத் துளைகளில் இறங்கியிருக்கிறது. நீங்கள் அதன்மேல் கட்டிலும் அலமாரியும் அடித்து மூடிவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தத் தரையை யாரும் பார்க்கப்போவதில்லை.

கீழக்கரை காக்கா:
பட்டறைத் தம்பி சொல்கிற துரு உண்மை. ஆனால் அதனால் வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். 2016-இல் ஒரு கல்லூரிப் பஸ்ஸை இப்படி மாற்றினேன். இன்றும் ஓடுகிறது.

நான் செய்த முதல் காரியம், கடலோரத்தில் ஓடாத வண்டியைத் தேடியது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடியது கிடைத்தது. எலும்புக்கூடு தெரியும்வரை உரித்தேன். ஐந்து குறுக்குச் சட்டங்களை மாற்றி, துத்தநாக பிரைமர், அதன்மேல் எபாக்சி அடித்து, பெட்டிக் குழாய்களுக்குள் மெழுகு எண்ணெயைப் பீய்ச்சினேன். கட்டிலுக்கோ அலமாரிக்கோ ஒரு ரூபாய் கூடச் செலவழிப்பதற்கு முன்பே நான்கு மாதம் தரைக்குப் போனது. கட்டிலுக்கு அடியில் இன்றும் பலகையைத் தூக்கிப் பார்க்கலாம். எதையும் நிரந்தரமாக மூடவில்லை.

இன்னொன்று. போர் தண்ணீரில் வண்டியைக் கழுவாதீர்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரும்பாலும் அதுவே உப்பு. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதில்தான் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரி இரண்டு வைத்திருக்கிறேன். சேர்த்து ஏறக்குறைய 5 யூனிட். கூரையில் 400 வாட் சூரியத் தகடு. நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் தரும். ஒரு டன் ஏ.சி. ஓர் இரவு ஓடினாலே நான்கைந்து யூனிட் தின்றுவிடும். அதனால் ஏ.சி. ஆசையை விட்டுவிடுங்கள். கூரைக்கு உள்ளே ஃபோம் ஒட்டி, ஜன்னல்களுக்குக் கொசுவலை போட்டு, 30 வாட் மின்விசிறி இரண்டு வைத்தால் போதும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) பக்கமும் வாடைக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும் ஒதுங்கி நிறுத்தத் தெரிந்தால், காற்று தேவையான அளவுக்குத்தான் வரும்.

சாயல்குடி ஆவண எழுத்தர்:
காக்கா 2016-இல் செய்ததை இன்று அப்படியே செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்ற வகையே மத்திய அரசின் 2004 அறிவிப்பில் இருக்கிறது. நடமாடும் வீடுகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது. ஆனால் நாமே பட்டறையில் உரித்து, நாமே கட்டி, பிறகு போய் நிற்பது வேலைக்கு ஆகாது. வரைபடத்தோடு பதிவு அதிகாரியிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்காமல் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னும் ஒன்று, அந்த வண்டி 2028-இல் 15 ஆண்டைத் தொடுகிறது. பணத்தைக் கொட்டி முடித்ததும் மறுபதிவுக்கு நிற்பீர்கள். வாடகை வேன் எடுத்துக்கொண்டு போங்கள் ஐயா.

உச்சிப்புளி வாத்தியார்:
வாடகை வேனில் கழிப்பறை கிடையாதே! அதற்காகத்தானே இவ்வளவும். பெட்ரோல் பங்கில் போகலாம் என்பார்கள். எங்கள் வழியில் எத்தனை பங்குகளில் கைப்பிடி உள்ள, உட்காரும் வசதியுள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறது? எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாம்பன் பட்டறை:
அந்த வலி புரிகிறது. எங்கள் வீட்டிலும் வயதானவர் இருக்கிறார். ஆனாலும் எடைக் கணக்கைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பழைய பாலம் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். பக்கத்துச் சாலைப் பாலத்தில் உயரமான வண்டி, தலையில் கனத்தோடு போனால் ஸ்டியரிங் கையில் நிற்காது. கனமெல்லாம் தரையோடு, இரண்டு ஆக்சில்களுக்கு நடுவில் இருக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறந்துவிடாதீர்கள். கசியும் கேஸ் காற்றைவிடக் கனம். தரையில்தான் தேங்கும், கட்டிலுக்கு அடியில்.

கீழக்கரை காக்கா:
இதில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் சமைப்பது வண்டிக்கு வெளியேதான்.

பாசிக்காரி மகள்:
எங்கே நிறுத்துவீர்கள் என்று யாரும் பேசவில்லையே? காக்கா வடகடல், தென்கடல் என்று சொல்லிவிட்டார். அந்தக் கரை காலி நிலம் இல்லை. கரைவலை இழுக்கிற இடம், நெத்திலி காய்கிற இடம், படகு ஏற்றுகிற இடம். எங்கள் ஊரில் ஒரு சுற்றுலா வண்டி இரவு நின்று, பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைக் குழாய் வழியாக மணலில் விட்டுவிட்டுப் போனது. காலையில் அதே மணலில்தான் நாங்கள் மீனைக் கொட்ட வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை 1986-இலேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டு, கடல்பாசி எடுக்கப் போகும் எங்களைத் தடுக்கிறார்கள். வண்டியில் வருபவர் கழிவைக் கடலோரத்தில் விடுவதை யார் தடுப்பது?

வாத்தியார் ஐயா, உங்கள் அம்மாவின் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. என் அம்மா இடுப்பளவு தண்ணீரில் பகல் முழுக்கப் பாசி எடுத்தவர். கரையில் ஒதுங்க இடம் இல்லாமல் அடக்கி அடக்கியே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டார். அதனால் கேட்கிறேன்: அந்த பஸ்ஸின் படியில் அம்மாவை ஏற்றிப் பார்த்தீர்களா?

கீழக்கரை காக்கா:
கரையைப் பற்றிச் சொன்னது நியாயம், தங்கச்சி. நான் எழுதும்போது அதை நினைக்கவில்லை. ஊராரைக் கேட்டு, குடியிருப்பு ஓரத்தில் நிறுத்துவதுதான் முறை. கழிவுக்கு என் வண்டியில் பிரித்தெடுக்கும் பெட்டிக் கழிப்பறை. கீழ்த்தொட்டி 20 லிட்டர். நிரம்பினால் கையில் எடுத்துப் போய்க் கழிப்பறையிலேயே கொட்டிவிடலாம். பாத்திரத் தண்ணீருக்கும் தனித் தொட்டி உண்டு. ஒரு சொட்டும் மணலில் இறங்காது.

உச்சிப்புளி வாத்தியார்:
இல்லை, ஏற்றிப் பார்க்கவில்லை. நேற்றுதான் அழைத்துப் போனேன்.

முதல் படி தரையிலிருந்து ஒன்றரை அடி இருக்கிறது. அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். பாதம் படியின் விளிம்பில் இடித்துத் திரும்பியது. மூன்று முறை முயன்றார். பிறகு என் தோளைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி ஏறிவிட்டார். ரெக்சினைத் தூக்கவும் ஆலைக்காரர்கள் விட்டார்கள். பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் துரு. ஸ்க்ரூ டிரைவர் கால் அங்குலம் இறங்கியது, மற்ற இடங்களில் இறங்கவில்லை. முன்பணம் கொடுக்கவில்லை. வரைபடம் போட்டு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத்தான் போகிறேன்.

சாயல்குடி ஆவண எழுத்தர்:
வாய்மொழியாகச் சரி என்றால் திரும்பி வராதீர்கள். மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மூன்றரை லட்சம் மிச்சம். நான் இன்னும் வாடகை வேன் பக்கம்தான்.

பாம்பன் பட்டறை:
நானும் மனம் மாறவில்லை. அனுமதி கிடைத்தால் மட்டும் கூப்பிடுங்கள், அந்தச் சக்கர மேல்தகட்டை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம். மடக்குப் படி ஒன்று செய்யலாம், ஏழு அங்குல உயரம், இரண்டு பக்கமும் கைப்பிடி. அம்மா வேறு ஏதாவது சொன்னாரா?

உச்சிப்புளி வாத்தியார்:
சொன்னார். கழிப்பறை எங்கே வரும் என்று பின்பக்கத்தைக் காட்டினேன். கையால் அகலத்தை அளந்து பார்த்தார். கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா என்று கேட்டார். உள்ளே என்றேன். "நான் உள்ளே விழுந்து கிடந்தால் நீ எப்படிடா திறப்பாய்?" என்றார்.

பாம்பன் பட்டறை:
பக்கவாட்டில் நகரும் கதவு போடுவோம். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. கதவு நகரும் தண்டவாளத்துக்கு அலுமினியம் வேண்டாம், இரும்புச் சட்டத்தில் பட்ட இடத்தில் உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள். சாதாரண 304 ரகத்தில் இங்கே துருப்புள்ளி விழுந்துவிடும்.